தண்டனைக்குப் பின் ஒரு சர்க்கார் உத்தியோகம்

கொலை வழக்கில் தீவாந்தர சிட்சை பெற்று அந்தமானுக்குப் போன ஒருவர், சில ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட காகிதத்தில் ஜமேதாராக நிற்கிறார். திருட்டு வழக்கில் மத்திய சிறைக்குப் போன இன்னொருவரின் பெயருக்குப் பக்கத்தில் ‘வார்டர்’ என்று எழுதியிருக்கிறது. வீட்டிலோ, ‘தாத்தா சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்’ என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொன்னதில்லை. தீர்ப்பு ஒரு பக்கம், உத்தியோகம் மறுபக்கம். இந்த முரணோடு தேடலைத் தொடங்கும் பேரப்பிள்ளைகள் தமிழ்நாட்டிலும் போர்ட் பிளேரிலும் சிங்கப்பூரிலும் உண்டு.

முரணைத் தீர்க்கக் குடும்பங்கள் சொல்லும் சமாதானங்கள் பெரும்பாலும் மூன்றுதான். அது வேறு ஆள், பெயர் ஒற்றுமை என்பது ஒன்று. பொய்க் கேஸ், அப்பீலில் விட்டுவிட்டார்கள் என்பது இன்னொன்று. எவரோ ஒரு துரைக்கு அவரைப் பிடித்துப்போய் வேலை போட்டுக் கொடுத்தார் என்பது மூன்றாவது. சில குடும்பங்களில் இவற்றுள் ஒன்று உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மூன்றுமே இன்றைய விதியை அன்றைய காலத்தின்மேல் ஏற்றிப் பார்ப்பதால் பிறப்பவை. இன்று அரசு வேலைக்குப் போலீஸ் விசாரணை உண்டு. ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவருக்கு அந்த வாசல் ஏறக்குறைய அடைபட்டது. அன்றைய சிறை நிர்வாகம் இதற்கு நேர்மாறான கணக்கில் நடந்தது. தண்டனை பெற்றதாலேயே கிடைத்த சர்க்கார் வேலைகள் அதில் இருந்தன.

இதற்குச் சட்டமே சாட்சி. 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம், 23ஆம் பிரிவு: சிறையின் அலுவலர்களாக நியமிக்கப்படும் கைதிகள், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பொருளில் பொது ஊழியர்களாகவே கருதப்படுவார்கள். ஒரே ஆள், ஒரே நேரத்தில், தண்டனை அனுபவிக்கும் கைதியாகவும் பொது ஊழியராகவும் இருக்க முடியும் என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அவர் கடமை செய்யும்போது இன்னொரு கைதி அவரை அடித்தால், அது பொது ஊழியரைத் தாக்கிய குற்றம். ‘சர்க்கார் உத்தியோகம்’ என்று வீட்டில் சொல்லிவந்தது சட்டப்படி பொய்யில்லை.

சிறைக்குள் இதற்கென்று படிகள் இருந்தன. நன்னடத்தையோடு தண்டனையில் ஒரு பகுதியைக் கழித்தவர் முதலில் இரவுக் காவல் பார்ப்பார். அடுத்து ஒரு வேலைக் கூட்டத்துக்கு ஓவர்சியர். அதற்கும் மேலே கன்விக்ட் வார்டர். ஒவ்வொரு படிக்கும் உடையில் அடையாளம், தண்டனைக் காலத்தில் கழிவு, கொஞ்சம் சலுகை. சம்பளம் கொடுத்து வெளியாட்களை வைப்பதைவிட இது சர்க்காருக்கு மிகவும் மலிவு. கைதிகளின் மொழி, பழக்கவழக்கம், சாதிக் கணக்கு எல்லாம் அறிந்த ஆள் உள்ளேயே கிடைப்பது இன்னொரு லாபம்.

இந்த ஏற்பாட்டின் ஊற்றைத் தேடினால் அது நம்மைக் கடல் தாண்டிக் கூட்டிச் செல்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியக் கைதிகளைச் சுமத்ராவின் பென்கூலனுக்கும் பினாங்குக்கும் அனுப்பிவந்தது. 1824இல் டச்சுக்காரர்களோடு செய்த ஒப்பந்தப்படி பென்கூலன் கைமாறியது. அங்கிருந்த கைதிகளை 1825 ஏப்ரலில் சிங்கப்பூருக்கு மாற்றத் தொடங்கினார்கள். முதலில் வந்திறங்கியவர்கள் சென்னை ராஜதானியில் தண்டிக்கப்பட்ட சுமார் 80 பேர். சில நாள் கழித்து வங்காளக் கைதிகள் வந்தார்கள். புதிதாக முளைத்துக்கொண்டிருந்த ஒரு துறைமுக நகரத்துக்குச் சாலை, பாலம், கால்வாய், கட்டடம் எல்லாமே வேண்டியிருந்தது. கூலியாட்கள் கிடைப்பதோ அரிது. கைதிகள் அந்த இடத்தை நிரப்பினார்கள்.

சிங்கப்பூர்ச் சிறையை நெடுங்காலம் நடத்திய மேஜர் மெக்நேர், அந்த அனுபவத்தை 1899இல் பேலிஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு நூலாக எழுதினார். நூலின் தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது: கைதிகளே தங்களுக்குக் காவலர்கள். ஆரம்பத்தில் வெளியாட்களைச் சேவகர்களாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். படிப்படியாக அவர்களை விலக்கி, கைதிகளிலிருந்தே டிண்டல், டஃபேதார் என்ற காவல் பதவிகளுக்கு ஆள் பொறுக்கி எடுத்தார்கள். கைதிகள் ஆறு வகுப்பாகப் பிரிக்கப்பட்டார்கள். முதல் வகுப்பார் கையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வெளியே தாமே பிழைத்துக்கொள்ளலாம். இரண்டாம் வகுப்பார் காவல் பொறுப்பிலும் ஆபீஸ், ஆஸ்பத்திரி வேலைகளிலும் இருந்தார்கள். மூன்றாம் வகுப்பார் சாலை வேலை செய்தார்கள். அதற்குக் கீழே காலில் விலங்கு. ஒருவர் மேலே ஏறலாம், தப்புச் செய்தால் கீழே தள்ளப்படலாம். ஆகவே ஒரே மனிதர் ஒரு பதிவேட்டில் விலங்கோடும், ஐந்தாறு ஆண்டு கழித்து இன்னொன்றில் இடுப்பில் வாரும் பட்டயமுமாகவும் தெரிவதில் வியப்பில்லை. இரண்டும் ஒரே ஏணியின் இரு படிகள்.

அவர்கள் செய்த வேலைகளின் வகையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. செங்கல் சூளை, கல் உடைப்பு, தச்சு, கொல்லு, அச்சுக்கூடம், புகைப்படம் எல்லாம் சிறையைச் சேர்ந்தவை. தோட்டப் பகுதிகளில் புலித் தொல்லை அதிகமானபோது, துப்பாக்கி கொடுத்துக் கைதிகளையே வேட்டைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பெழுதப்பட்டவர் கையில் சர்க்காரே துப்பாக்கி கொடுத்தது என்றால் எந்தப் பேரனும் நம்பத் தயங்குவான்.

அவர்கள் கட்டியவற்றில் இன்றும் நிற்பது செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். 1856இல் தொடங்கி, 1862இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் உட்சுவர்ப் பூச்சைப் பற்றி மெக்நேர் விரிவாகவே எழுதுகிறார். அது மதராஸ் சுண்ணாம்புப் பூச்சு. மணல் சேராத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை மூன்றையும் கூழாக அடிக்க வேண்டும். தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை அதில் விட்டு இளக்க வேண்டும். சுவரில் பூசி, காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பும் குளிர்ச்சியும் தெரியும். இந்தக் கைவேலை கப்பலேறித்தான் அங்கே போயிருக்க வேண்டும். ஊரில் கொத்தனாராக இருந்தவரின் பழக்கமோ, அவரிடமிருந்து சிறையில் கற்றுக்கொண்டவரின் பழக்கமோ அந்தச் சுவரில் இருக்கிறது. பதிவேட்டில் அவர் ஒரு எண். ‘குற்றம்’ என்ற பத்தி நிரம்பியிருக்கும். ‘முன்பு செய்த தொழில்’ என்ற பத்தி இருந்தால் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பேன். பிற்கால வேலைக்கான திறவுகோல் பல நேரம் அங்கே கிடைக்கும்.

1867இல் சிங்கப்பூர் உள்ளிட்ட மலாக்கா நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து லண்டன் காலனி அலுவலகத்தின் கீழ் போயின. 1873இல் சிங்கப்பூரின் இந்தியக் கைதி முகாம் கலைக்கப்பட்டது. தண்டனை மீதமிருந்தவர்கள் அந்தமானுக்குப் போனார்கள். டிக்கெட் வாங்கியவர்களில் பலர் அங்கேயே தங்கி, மாடு வைத்தும் வண்டி ஓட்டியும் பிழைத்து, ஊரோடு ஊராகக் கலந்துபோனார்கள்.

அந்தமானுக்கு 1858 மார்ச்சில் முதல் தொகுதியாகச் சுமார் 200 கைதிகள் போனார்கள். 1857 கிளர்ச்சிக்குப் பிந்தைய ஏற்பாடு அது. நீரிணைக் குடியேற்றங்களில் அனுபவம் பெற்றிருந்த ஹென்றி மேன், பத்தாண்டு கழித்துப் போர்ட் பிளேரின் கண்காணிப்பாளராக வந்தபோது, அந்தக் குடியேற்றங்களின் விதிமுறையைக் கையோடு கொண்டுவந்தார். சிங்கப்பூரில் வளர்ந்த ஏணி இப்படித்தான் அந்தமானில் நட்டுவைக்கப்பட்டது.

தாத்தாவைத் தேடுகிறவருக்கு அந்தமான் ஏணி ஒரு பெரிய உதவி செய்கிறது. அதில் ஆண்டுக்கணக்கு தெளிவாக இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயுள் தண்டனைக் கைதி முதல் 6 மாதம் செல்லுலார் சிறையில் தனிக் கொட்டடியில் இருப்பார். அடுத்த 18 மாதம் பிறரோடு சேர்ந்த சிறைவாசம். அதற்கடுத்த 3 ஆண்டு முகாமில் தங்கி, காவலோடு வெளியே போய்க் கடும் உழைப்பு, கூலி கிடையாது. ஆக 5 ஆண்டு. ஆறாம் ஆண்டிலிருந்து பத்தாம் ஆண்டுவரை உழைப்புக் கைதியாகவே இருந்தாலும், மேற்பார்வைப் பதவிகளுக்குத் தகுதி உண்டு; சிறு படியும் உண்டு. பத்தாண்டு முடிந்தால் டிக்கெட். அதன்பின் கிராமத்தில் நிலம் வைத்து உழலாம், மாடு வாங்கலாம், மணம் செய்துகொள்ளலாம், ஊரிலிருந்து குடும்பத்தை வரவழைக்கலாம். தீவை விட்டுப் போகத்தான் முடியாது. 20 முதல் 25 ஆண்டு நல்லபடி கழித்தால் முழு விடுதலை.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு காகிதங்களைப் பார்த்தால் பல முடிச்சுகள் தாமே அவிழும். 1898இல் தீவுக்குப் போனவர் 1904இல் ‘பெட்டி ஆபீசர்’ என்ற மேற்பார்வைப் பதவியில் இருந்தால் அது எவர் தயவும் இல்லை, வழக்கமான முறை. 1909இல் ‘விவசாயி’ என்று இருந்தால் அவர் டிக்கெட் வாங்கிவிட்டார். 1900இலேயே காவல் பொறுப்பில் இருப்பதாகத் தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்; ஆள் மாறியிருக்கலாம், அல்லது தண்டனை ஆண்டே தவறாக எழுதப்பட்டிருக்கலாம். கைதியின் கழுத்தில் தொங்கிய மரச் சீட்டில் இதற்குத் தேவையான அத்தனையும் இருந்தது: எண், தண்டித்த சட்டப் பிரிவு, தண்டனைத் தேதி, விடுதலைத் தேதி. தூங்கும்போதும் உழைக்கும்போதும் ஒருவர் தன் வழக்கின் சுருக்கத்தைக் கழுத்தில் சுமந்திருக்கிறார்.

சீட்டில் இருக்கும் அந்தப் பிரிவு எண்ணை அவசரப்பட்டுக் கடந்துவிடக் கூடாது. ‘தண்டனை பெற்றவர்’ என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு விதமான வாழ்க்கைகள் அடைபட்டிருக்கின்றன. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302 கொலை, 379 திருட்டு என்பது பலருக்கும் தெரியும். ஆனால் உள்நாட்டுச் சிறைகளில் குறுகிய காலம் இருந்தவர்களில் பலர் 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109, 110 பிரிவுகளில் உள்ளே போனவர்கள். நூற்றொன்பது என்றால், சந்தேகப்படும்படி இருந்தார், பிழைப்புக்கு வழி என்ன என்று சரியாகச் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். ஜாமீன் கொடுக்க ஆள் இல்லையென்றால் சிறை. வேலை இல்லாததற்காகச் சிறைக்குப் போனவர் வெளியே வந்து ஒரு வேலையில் சேர்ந்திருந்தால் அதில் புதிர் ஒன்றும் இல்லை.

இதைவிடக் கொடுமை குற்றப்பரம்பரைச் சட்டம். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சென்னை ராஜதானியில் பல சாதிகள் முழுமுழுக்கப் பதிவு செய்யப்பட்டன. கைரேகை கொடுக்க வேண்டும், இரவில் ஆஜராக வேண்டும், அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊர் தாண்டக் கூடாது. மீறினால் தண்டனை. 1920 ஏப்ரல் 3இல் மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்த பிறமலைக் கள்ளர்கள்மேல் போலீஸ் சுட்டு, ஒரு பெண் உட்படப் பலர் செத்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஊர்க்காவல் பார்த்து அதற்குரிய பங்கு வாங்கிவந்த மக்கள் அவர்கள். ஒரு தாத்தாவின் பெயர் தண்டனைப் பதிவேட்டிலும், பிறகு காவல்காரர் என்ற குறிப்பிலும் வந்தால், காவல்தான் அவருடைய பழைய தொழில், இடையில் வந்து விழுந்தது தண்டனை என்று படிக்க வேண்டியிருக்கலாம். சென்னை மாகாணத்தில் 1947இல் இந்தச் சட்டம் நீங்கியது; நாடு முழுவதும் 1952இல்.

எல்லாக் கைதிக்கும் ஏணி இருந்ததா என்றால், இல்லை. தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் பிள்ளையை நினைத்துக்கொண்டால் போதும். 1908இல் ராஜத்துரோக வழக்கில் தண்டனை. கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறைவாசம். செக்கிழுத்தது நாடறிந்த கதை. 1912 டிசம்பரில் வெளியே வந்தவருக்கு வக்கீல் சன்னது போயிருந்தது. சென்னையில் சிறு வியாபாரம் பார்த்தார். பின்பு கோயம்புத்தூரில் வங்கி வேலை என்று காலம் கழிந்தது. கப்பல் கம்பெனி நடத்தியவர் இவர். பிற்பாடு வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கொலைத் தண்டனைக் கைதியைப் பொது ஊழியராக்கிய அதே ஆட்சி, தேசத்துக்காகப் பேசியவரை அவருடைய சொந்தத் தொழிலிலிருந்தே தள்ளிவைத்தது. குற்றத்தின் கனம் ஒருவருடைய பிற்கால வேலையைத் தீர்மானிக்கவில்லை. ஆட்சிக்கு அவர் எந்த வகையில் பயன்படுவார், எந்த வகையில் இடைஞ்சலாவார் என்பதே தீர்மானித்தது. இந்தத் தேடல்களில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் கருத்து இது.

முதல் உலகப் போர் இதற்கு இன்னொரு சான்று. மெசபடோமியாவில் சுமை தூக்கவும் சாலை போடவும் ஆள் போதாமல், 1916இலிருந்து இந்தியச் சிறைகளில் ஆள் எடுத்தார்கள். சிறைத் தொழிலாளர் படை என்று 15,000 பேருக்கும் மேல் கப்பலேறினார்கள். வேலையை முடித்துத் திரும்பினால் மீதத் தண்டனை தள்ளுபடி. ‘தாத்தா பாஸ்ராவுக்குப் பட்டாளத்தில் போனவர்’ என்று ஒரு வீட்டில் சொன்னால், அவர் எந்த வாசல் வழியாகப் போனார் என்பதையும் விசாரிக்க வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தச் சக்கரம் மறுபடி ஒரு சுற்றுச் சுற்றியது. 1972இல் மத்திய அரசு தியாகிகளுக்கு ஓய்வூதியம் அறிவித்தபோது, பொதுவாக 6 மாதச் சிறைவாசத்துக்குச் சான்று கேட்டார்கள். அதுவரை மறைத்துவைத்த சிறைச் சான்றிதழைத் தேடி எடுத்து, சட்டமிட்டு மாட்டிய வீடுகள் உண்டு.

ஜமேதார் என்ற மேற்பார்வைப் பதவியைப் பார்த்துப் பெருமைப்படும் பேரப்பிள்ளைகளிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: அந்தப் பதவியின் கீழே இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? அரசியல் கைதிகளாக அந்தமான் போன பாரீந்திர குமார் கோஷும் சாவர்க்கரும் தங்கள் நினைவுக் குறிப்புகளில் கைதி அதிகாரிகளின் அடியையும் வசவையும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். தேங்காய் நார் அளவு குறைந்தால், செக்கில் எண்ணெய் குறைந்தால், கம்பு எடுத்து வருபவர் இன்னொரு கைதிதான். அந்தக் கம்பு நம் தாத்தாவின் கையிலும் இருந்திருக்கலாம். கீழ்ப்படியில் இருந்தபோது அவர் முதுகும் அதை வாங்கியிருக்கும். இரண்டையும் ஒரே மனிதரின் கதையாக ஏற்றுக்கொள்ளும் துணிவு தேடுகிறவருக்கு வேண்டும். சென்னை ஐ.சி.எஸ். அதிகாரி அலெக்சாண்டர் கார்டியூ தலைமையிலான இந்தியச் சிறைக் குழு 1919–20இல் சிறைகளைச் சுற்றிப் பார்த்து, கைதிகளிடம் இப்படி அதிகாரம் கொடுக்கும் முறையின் கேடுகளை எடுத்துச்சொன்னது. அந்தமானுக்குக் கைதிகளை அனுப்பும் வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவரவும் பரிந்துரைத்தது. அப்படியும் அந்தமானுக்குக் கப்பல் நிற்கவில்லை. 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்டவர்கள் அதன் பிறகுதான் அங்கே போனார்கள்.

தீவில் இருந்த காகிதங்களில் பல, 1942 மார்ச்சிலிருந்து 1945 வரை நடந்த ஜப்பானிய ஆக்கிரமிப்பில் அழிந்தன. அதனால் போர்ட் பிளேரில் தேடி ஏமாந்தவர்கள் அனுப்பிய முனையில் தேட வேண்டும். மரண தண்டனை என்றால் உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும்; அது தீவாந்தரமாகக் குறைந்ததற்கு உத்தரவு இருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சென்னை அரசின் நீதித்துறைத் தொகுதிகள் இருக்கின்றன. சிங்கப்பூர் வழித் தேடலுக்கு அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் நீரிணைக் குடியேற்றப் பதிவேடுகள் உதவும். பெயரை மட்டும் நம்பினால் ஆயிரம் ராமசாமிகளில் தொலைந்துபோவோம். தகப்பன் பெயர், தாலுகா, தண்டனைத் தேதி மூன்றும் பொருந்த வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு, அதிகம் பேர் போகாத வழி. டிக்கெட் வாங்கியவர் மனைவியை வரவழைக்க மனுக் கொடுத்தால், அது மாவட்ட அதிகாரிகளுக்கு வரும்; வர விருப்பமா என்று ஊரில் அவளிடம் கேட்பார்கள். பலர் மறுத்தார்கள். கடல் தாண்டினால் சாதி போகும் என்ற பயம், மாமனார் வீட்டின் தடை, பத்தாண்டில் வேறு வாழ்க்கை அமைந்துவிட்டது என்று காரணங்கள் பல இருந்திருக்கும். தாத்தா தீவில் ஜமேதாராக இருந்த காலத்தில் பாட்டி ஊரில் எந்த வயலில் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தாள் என்பதை எந்தச் சிறைப் பதிவேடும் சொல்லாது. அவளிடம் கேட்டு எழுதிய காகிதமும் அதில் அவள் வைத்த கைநாட்டும் கிடைத்தால், அவள் சர்க்காருக்குச் சொன்ன பதிலாவது தெரியவரும்.